என் பிறந்த தேதியில் விளையாடிய மகள்

"அப்பா, நம்ம வீட்டு கேட் என்ன கலர்னு ஒருத்தர்ட்ட சொன்னா தப்பா?"

என் மகள் இதைக் கேட்டபோது நான் குனிந்து அவளுடைய ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளி வேன் வர ஐந்து நிமிடம் இருந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. யார் கேட்டார்கள் என்றேன். "யாருமில்ல, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே மூடியிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியை மறுபடி மறுபடி திருகினாள். நான் மேலே ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவிட்டாள்.

வேன் திரும்பிப் போன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது. கேட் என்ன நிறம் என்று சும்மா யாரும் கேட்பதில்லை. வீட்டைத் தேடி வருகிறவன்தான் கேட்பான்.

திருமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சிறிய செல்போன் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, பேட்டரி போடுவது, வயதானவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது, பிள்ளைகளுக்கு கேம் ஏற்றிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. வீடு திருநகரில், மாடிப் போர்ஷன். மனைவி மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலை ஏழேகாலுக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவாள். மகள் நாலு மணிக்கே வந்துவிடுவாள். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா கேட்டைத் திறந்துவிடுவார். அதற்கப்புறம் அம்மா வரும்வரை அந்த ஒன்றரை மணி நேரம் அவள் மாடியில் தனியாகத்தான் இருப்பாள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் டேப்லெட் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கையில் டேப் இருந்தால் அடுப்புப் பக்கம் போக மாட்டாள், மொட்டை மாடிக்கு ஏற மாட்டாள். அது ஒரு பாதுகாப்பு என்றே நினைத்தோம்.

அன்று கடைக்குக் கிளம்பாமல் டேப்பை எடுத்து உட்கார்ந்தேன். அவள் விளையாடும் கேம் எனக்குத் தெரியும். நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு நிலம் கொடுப்பார்கள். அதில் வீடு கட்டலாம், தோட்டம் போடலாம், அடுத்தவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். அவள் கட்டிய வீட்டை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அம்மா பஸ் ஏறி வேலைக்குப் போக வேண்டாம் என்பதற்காக. அதற்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை. மொட்டை மாடியிலிருந்து நேராகக் குளத்துக்குள் இறங்கும் ஒரு நீலச் சறுக்கு.

அந்த வீட்டு வாசலில் பேச்சுப் பெட்டி ஒன்று, சாட் என்பார்களே அது, திறந்திருந்தது. எதிரே பேசிய ஆளின் படம் ஒரு பூனை முகம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு எண்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். மூன்று வாரப் பேச்சு. தானும் நாலாவது படிக்கும் பெண் என்று ஆரம்பித்திருந்தது. முதலில் ஒரு குதிரை பரிசு, பிறகு தோட்டத்துக்கு ஒரு நீரூற்று. நடுவில் ஒன்று இரண்டாகக் கேள்விகள். எந்த ஏரியா? யூனிபார்ம் என்ன கலர்? வேன் எத்தனை மணிக்கு விடும்? அம்மா எப்போ வருவாங்க? அதுவரைக்கும் கூட யாரு இருப்பா?

என் மகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருந்தாள். திருநகர் என்று சொல்லியிருந்தாள். நாலு மணி என்று சொல்லியிருந்தாள். "யாரும் இல்ல, நான் மட்டும்தான், எனக்குப் பயமே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

முந்தின நாள் பூனை முகம் யூனிபார்மோடு ஒரு போட்டோ கேட்டிருந்தது. அம்மா திட்டுவாங்க என்று இவள் மறுத்திருக்கிறாள். அப்படியானால் வீட்டு கேட் என்ன கலர் என்றாவது சொல் என்று அடுத்த கேள்வி. இவள் பதில் சொல்லவில்லை. அதற்குக் கீழே பூனை முகத்தின் ஒரு வரியும் இவளுடைய பதிலும் இருந்தன.

"அம்மாட்ட சொன்னா உன் வீட்ட இடிச்சிருவேன். எப்படி இடிக்கணும்னு எனக்குத் தெரியும்."

"சொல்ல மாட்டேன். இடிக்காத ப்ளீஸ்."

போனைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள், ஏமாந்துவிட்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். எதையும் தொடாதீர்கள், எதிராளியிடம் பேசாதீர்கள், முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அன்று எனக்கு அந்த நிதானம் இல்லை. என் போனில் மூன்று படம் எடுத்தேன். நாலாவதுக்குள் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. பேச்சுப் பெட்டியில், சுத்தமான தமிழ் எழுத்தில், நீ யார், எந்த ஊர், உன் நம்பரைக் கொடு என்று அடித்து அனுப்பிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூனை முகம் மறைந்தது. நண்பர்கள் பட்டியலில் அது இல்லை. மூன்று வாரப் பேச்சும் அதோடு போய்விட்டது. நான் எடுத்த மூன்று படங்கள் மட்டும்தான் மிச்சம்.

குழந்தைகளுக்கான கேமில் முன்பின் தெரியாத ஆள் எப்படி இத்தனை பேச முடிந்தது என்று செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். பிறந்த தேதி என்ற இடத்தில் என் பிறந்த தேதி இருந்தது. நினைவு வந்தது. வயது ஒன்பது என்று போட்டால் பெற்றோரின் மெயில் கேட்கும், அதில் உறுதிசெய்ய வேண்டும், யார் யாரோடு பேசலாம் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்று கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தார், மகள் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிட வேலையை மிச்சப்படுத்த என் தேதியைத் தட்டிவிட்டேன். அந்த கேமைப் பொறுத்தவரை என் மகள் ஒரு நாற்பத்தோரு வயது ஆள். அவளுக்கு எந்தக் கதவும் பூட்டப்படவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பசுமலை தாண்டும்போது ரயில்வே மேம்பாலத்தில் நெரிசல். அந்தப் பத்து நிமிடத்தில் நான் நினைத்துக்கொண்டதை எழுத எனக்கு இன்றும் தெம்பில்லை. வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போய், வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை. தலைமை ஆசிரியை அறைக்குப் போய், நானும் என் மனைவியும் தவிர யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் காரணம் கேட்டார். போனில் இருந்த படங்களைக் காட்டினேன்.

அங்கிருந்து மனைவியின் மருத்துவமனைக்குப் போனேன். மருந்து ட்ரேயோடு வராண்டாவில் வந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வேலை நேரத்தில் நான் அங்கே போனதே கிடையாது. ஓரமாக அழைத்துப்போய் மூன்று படங்களையும் காட்டினேன். படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். கேம் ஏற்றியது யார், பிறந்த தேதி யாருடையது என்றெல்லாம் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"அவகிட்ட சத்தம் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை, அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்றேன்.

"போட்றாதீங்க. நான் பெர்மிஷன் போட்டு வாரேன். நான் வர்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அன்று மாலை நாலு மணிக்கு வேன் வந்தபோது நாங்கள் இருவருமே கேட்டருகில் நின்றோம். மகள் எங்களைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை, பயந்தாள். மனைவி அவளுக்கு முகம் கழுவிவிட்டு, தோசை ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் அப்பாவிடம் என்னவோ கேட்டியாமே என்று ஆரம்பித்தாள். பிள்ளை தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. கடைசியில் அவள் கேட்டது எங்கள் கேள்விக்குப் பதில் அல்ல.

"என் வீடு இருக்காம்மா?"

நான் டேப்பைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு அறையாக விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரி, கடை, சறுக்கு, குளம். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள். அழுகையினூடே எல்லாம் வந்தது. அம்மாவிடம் சொல்ல இரண்டு தடவை நினைத்தாளாம். சொன்னால் அடிப்பார்கள் என்று அந்தத் தோழி சொன்னாளாம்.

"நாங்க உன்னைய எப்பத்தா அடிச்சோம்?" என்றாள் மனைவி.

"அடிக்கல. ஆனா டேப்ப உடைச்சிருவேன்னு அப்பா சொன்னாருல்ல."

சொன்னேன். இரண்டு மாதத்துக்கு முன் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தவளிடம் அப்படிக் கத்தினேன். ஐந்து நிமிடத்தில் எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை. வீட்டுக்குள்ளே ஒருவன் உடைப்பேன் என்கிறான், வெளியே ஒருவன் இடிப்பேன் என்கிறான். ஒன்பது வயதுப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? வேறு வழி இல்லாமல்தான் ஷூ லேஸ் கட்டும் நேரத்தில், சும்மா கேட்பது போல, கேட் நிறத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கப் போனோம். என்னைவிட வயதில் இளையவரான ஒரு பெண் எஸ்.ஐ. மூன்று படங்களையும் வாங்கிக்கொண்டார். மீதிப் பேச்சு எங்கே என்று கேட்டார். நான் செய்த முட்டாள்தனத்தைச் சொன்னேன். செல்போன் கடைக்காரன் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. பேனாவை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே அடுத்த கேள்விக்கு வந்தார்.

"அக்கவுண்ட்ல பாப்பா வயசு என்ன சார் போட்டிருக்கீங்க?"

சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அதையும் எழுதினார். அந்த அறையில் அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்து வந்த நாட்களில் நான் நானாக இல்லை. தினமும் மூன்றரைக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனையில் வந்து நிற்பேன். எங்கள் தெருவில் எத்தனை பைக் போகிறது, எந்த பைக் இரண்டு தடவை போகிறது என்று பார்ப்பேன். கேட்டுக்கு வேறு பெயின்ட் அடிக்கலாமா என்று வீட்டுக்கார அக்காவிடம் கேட்டேன். நிறத்தைத்தான் இவள் சொல்லவே இல்லையே என்று மனைவி ஞாபகப்படுத்திய பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. யூனிபார்ம் தெரியும், ஏரியா தெரியும், நேரம் தெரியும். திருநகரில் அந்த யூனிபார்ம் போட்டு நாலு மணிக்கு வேன் இறங்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். இருபது பேர் இருக்கலாம் என்று தோன்றினால் ஆறுதல். உடனே, மற்ற பத்தொன்பது பேரும் பிள்ளைகள்தானே என்று வெட்கம்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் எங்கள் வீட்டுக்கு எதிரே பைக்கை நிறுத்திக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தான். முந்தின நாளும் அதே பைக்கை அதே இடத்தில் பார்த்திருந்தேன். வேன் வர மூன்று நிமிடம். நான் போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். என்ன கேட்டேன் என்று சரியாக நினைவில்லை. யார்டா நீ, யாருக்காக நிக்கிற என்று ஏதோ கத்தினேன். தெருவில் இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். என் வயதுதான் இருக்கும். எதிர்வீட்டு மாடியில் இந்தி ட்யூஷன் நடக்கிறது, தன் மகளுக்குப் பள்ளி இரண்டு மணிக்கே விட்டுவிடும், அவளைக் கூட்டிப் போக வந்தேன் என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் பையோடு படியிறங்கி வந்தாள். அப்பாவின் சட்டையில் என் கை இருப்பதைப் பார்த்தாள்.

கையை எடுத்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். போதாது என்று தோன்றியது, அந்தப் பிள்ளையிடமும் கேட்டேன். அப்போது என் மகளின் வேன் வந்து நின்றது. அவளை உள்ளே அனுப்பிவிட்டு, என்ன நடந்தது என்று அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டே கேட்டார். கோபமாகப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

"என் மகளும் அந்த கேம்தாண்ணே விளையாடுது. செத்த பாத்துச் சொல்றீங்களா?" என்று தன் போனை நீட்டினார்.

கேட்டுக்கு வெளியே நின்றபடியே பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது. கேமில் அவளுடைய வயது முப்பத்தாறு. பேச்சுப் பெட்டியில் முன்பின் தெரியாத பதினோரு பேர். எங்கே ஏற்றினீர்கள் என்று கேட்டேன். ஒரு கடையில் என்றார். என் கடை இல்லை, ஆனால் என் கடையாகவும் இருந்திருக்கலாம்.

அன்றுதான் அந்த எண்ணம் வந்து உறுத்தத் தொடங்கியது. என் மகளுக்குப் போட்டது போல எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டிருப்பேன்? தாய் தகப்பன் கடையில் நின்று, இது பிள்ளைகள் விளையாடலாமா, ஒன்றும் ஆகாதா என்று கேட்பார்கள். ரத்தம் இல்லை, சண்டை இல்லை, நல்ல கேம்தான் என்பேன். அவர்கள் அதை நம்பித்தான் வாங்கிப் போனார்கள். அந்த கேம் வீட்டுக்குள் யார் வருகிறார்கள் என்று நானும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து கடை போனில் இருந்த எண்களுக்கு ஒவ்வொன்றாக அழைக்க ஆரம்பித்தேன். பலருக்கு நான் சொல்வதே புரியவில்லை. சிலர், என் பிள்ளை அப்படியெல்லாம் யாரிடமும் பேசாது என்று வைத்துவிட்டார்கள். ஒருவர், கடையில் கூட்டம் சேர்க்க இது ஒரு வழியா என்று கேட்டார். ஆனாலும் தினம் இரண்டு மூன்று பேர் டேப்பையும் போனையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வயதைத் திருத்தி, பேச்சை அடைத்து, பட்டியலில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் காட்டி, இவரைத் தெரியுமா என்று பிள்ளையிடமே கேட்கச் சொன்னேன். பெரும்பாலான பட்டியல்களில் வெறும் பள்ளிப் பிள்ளைகள்தான். ஆனாலும் ஒவ்வொன்றையும் கடைசிப் பெயர் வரை பார்த்தேன்.

எழுமலையிலிருந்து ஒரு பெண் பேசினார். பூ பறிக்கும் வேலைக்குப் போகிறவர். பிள்ளைக்குக் காய்ச்சல், திருமங்கலம் வர முடியாது, அதில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் சொன்னதிலிருந்து அதைத் தொடவே பயமாக இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். மகளும் வருவேன் என்று அடம்பிடித்துப் பின்னால் ஏறிக்கொண்டாள். உசிலம்பட்டி தாண்டி வெயிலில் போகும்போது முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அது நெசமாவே நாலாவது படிக்கிற பிள்ளையா இருந்தா? நம்மளுக்குப் பயந்து ஓடிருச்சுன்னா?"

இருக்காது என்று சொல்வது எளிது. ஆனால் தெரியாததைத் தெரிந்தது போல அவளிடம் மறுபடி சொல்ல எனக்கு விருப்பமில்லை. "தெரியலத்தா" என்றேன். பிறகு, அது பிள்ளையாக இருந்தால் வீட்டை இடிப்பேன் என்று சொல்லியிருக்காது என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

எழுமலை வீட்டில் அந்தப் பெண்ணின் ஏழு வயதுப் பிள்ளை பாயில் படுத்திருந்தாள். பட்டியலில் நாலே பேர், எல்லாம் சொந்தக்காரப் பிள்ளைகள். வயதைத் திருத்தி, பேச்சை அடைத்துக் கொடுத்தேன். அம்புட்டுத்தானா என்று கேட்டார் அந்தத் தாய். அம்புட்டுத்தான் என்றேன். நான் வேலையை முடிப்பதற்குள் என் மகள் காய்ச்சல்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, சறுக்கு கட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து அந்த எஸ்.ஐ. போன் செய்தார். அந்தக் கணக்கு வேறு மாநிலத்திலிருந்து தொடங்கப்பட்டது, அதற்குக் கொடுத்த எண் வேறு யாருடைய பெயரிலோ இருக்கிறது, விசாரணையை மூடவில்லை என்றார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. பெரியவனா, சின்னவனா, ஒருவனா, பலரா, எங்களுக்குத் தெரியாது. தெரு வரைக்கும் யாரும் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

மனைவி இப்போது பகுதி நேரத்துக்கு மாறி மூன்றரைக்கே வந்துவிடுகிறாள். டேப் ஹாலில்தான் இருக்கும். மகளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. வீடு கட்டும் ஆர்வம் குறைந்து பேட்மின்டன் பக்கம் போய்விட்டாள். என் பயம் மட்டும் குறையவில்லை. அவள் டேப்பைப் பார்த்துச் சிரித்தால் யாரோடு என்று எட்டிப் பார்க்கிறேன். எட்டிப் பார்ப்பது அவளுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியட்டும் என்று திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறாள். அது எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது, கஷ்டமாகவும் இருக்கிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம் கடைக்கு அவள் அம்மாவின் போனிலிருந்து அழைத்தாள். வகுப்பில் ஒருத்திக்கு வேறு ஏதோ கேமில் ஒரு அண்ணன் பழக்கமாம், தினமும் போட்டோ கேட்கிறானாம். அம்மாவிடம் சொல் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை பயப்படுகிறாளாம், யாரிடமும் சொல்லாதே என்று இவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாளாம்.

"சத்தியம் பண்ணிட்டு உங்கட்ட சொல்லிட்டேன். தப்பாப்பா?"

தப்பில்லை, போனை அம்மாவிடம் கொடு என்றேன். மனைவி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் வீடு இரண்டு தெரு தள்ளி, நான் போகிறேன், நீங்கள் கடையை அடைத்துவிட்டு அங்கேயே வந்துவிடுங்கள் என்றாள். படம் எடுப்பதற்கு முன்னால் யாரும் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டு, பாதி கழற்றிய ஒரு போனை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு ஷட்டரை இழுத்தேன்.